சைகோன் மேசையில் நமது தட்டு

திண்டிவனத்தில் பேருந்து ஏறினாலும், விழுப்புரத்தில் இரயில் ஏறினாலும், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் புதுவையைச் சென்றடையலாம். விழுப்புரம் – புதுவை இருப்புப்பாதை 1879ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டுவிட்டது. பிரெஞ்சு ஆட்சியில் அந்தப் பாதை முடியும் இடத்திலிருந்து இன்னொரு பாதை கடல்மீது தொடங்கியது. அது சைகோனுக்குச் சென்ற கப்பல் பாதை.

பிரெஞ்சுப் படையினர் 1859இல் சைகோனைக் கைப்பற்றினர். அதன் பின்னர் புதுவை, காரைக்கால் தமிழர்கள் எழுத்தர்களாகவும், காவலர்களாகவும், படைவீரர்களாகவும், வரி வசூலிப்போராகவும் அங்குச் சென்றனர். நம் சமுதாயத்தவர் பெரும்பாலும் துணி வணிகர்களாகச் சென்றனர். பிரெஞ்சுக்காரர்கள் 'காத்தினா' என்றழைத்த நகரின் தலையாய கடைவீதியில் அவர்களின் துணிக்கடைகள் இருந்தன. அவ்வீதியின் இன்றைய பெயர் தோங் கோய். அதிலிருந்து பிரியும் தோங் து தெருவில், தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. வெள்ளையும் நீலமும் கலந்த சுவர்கள், நான்கு மினாராக்கள், உளூச் செய்வதற்கு ஒரு நீர்த்தடாகம். நம்மூர்க்காரர் எவரும் அங்குக் கால் வைத்தால் அந்நிய நாடு என்ற எண்ணமே எழாது.

1954இல் பிரெஞ்சு ஆட்சி முடிவுக்கு வந்தது. 1975இல் சைகோன் வீழ்ந்தது. நம்மவர்களில் பெரும்பாலோர் பிரான்சுக்கோ புதுவைக்கோ வந்து சேர்ந்தனர். அவர்களுடன் அந்நாட்டுச் சமையலும் கப்பலேறி வந்தது. புதுவையின் சில இல்லங்களில் 'நேம்' என்ற பொரித்த சுருளை இன்றும் செய்கின்றனர். வியட்நாமியர் அதனைச் 'சா யோ' என்பர். அரிசித் தாளுக்குள் இறைச்சியும் காயும் சேமியாவும் வைத்துச் சுருட்டிப் பொரிப்பது. எனவே 'வியட்நாம் உணவு' என்பது நமக்கு நேற்று வந்த புதுமையன்று. அடுத்த ஊர் அடுப்பங்கரையில் மூன்று தலைமுறையாக இருந்து வருவது.

இவ்வளவும் எதற்கென்று கேட்பீர்கள். 2023ஆம் ஆண்டின் இறுதியில் திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு நேரடி விமானம் விடப்பட்டது. (சைகோனுக்கு 1976 முதல் அதுவே பெயர்.) அதன் பின், வணிகர்களும், புதுமணத் தம்பதியரும், பிள்ளைகளின் பொருளில் சுற்றுலா செல்லும் பெற்றோரும் நம் பகுதிகளிலிருந்து அங்குச் செல்லத் தொடங்கியுள்ளனர். தொழுவதற்காக அந்தப் பள்ளிவாசலைத் தேடிச் செல்கின்றனர். தொழுதுவிட்டு வெளியே வந்தால் எதிரே வானளாவ நிற்பது ஷெரட்டன் ஹோட்டல்! அங்கும், அதுபோன்ற பிற பெரிய ஹோட்டல்களிலும் 'பஃபே' எனும் தாமே எடுத்துண்ணும் விருந்து நடக்கிறது. வியட்நாம், சீனம், ஜப்பான், இத்தாலி, ஏன், இந்தியாவும்கூட அங்கே வரிசையாகத் தட்டுகளில் அடுக்கப்பட்டிருக்கும். ஊர் திரும்பியவர்கள் மதரஸாவில் எம்மிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அங்கே நாங்கள் உண்டது சரிதானா?"

'பஃபே' என்பது பாத்திரங்கள் வைக்கும் அலமாரி மேசைக்குப் பிரெஞ்சுக்காரர்கள் இட்ட பெயர். சுவீடன் நாட்டவரின் விருந்து மேசை 1939இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் இடம்பெற்று அமெரிக்கரைக் கவர்ந்தது. 1940களில் சூதாட்ட நகரமான லாஸ் வேகாஸின் ஹோட்டல் ஒன்று, ஒரு டாலருக்கு வேண்டிய மட்டும் உண்ணலாம் என அறிவித்தது. வந்தவன் வெளியே போகாமல் சூதாட்ட மேசையிலேயே இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். உணவைக் கொண்டு மனிதனைக் கட்டிப்போடும் அந்தத் தந்திரம் இன்றும் பஃபேயில் எஞ்சியிருக்கிறது. நுழைந்தவுடன் ரொட்டி, சோறு, நூடுல்ஸ், சூப் ஆகியவை கண்ணில் படும். விலையுயர்ந்த இறால், நண்டு, சுட்ட இறைச்சி முதலியன கடைசியில், பெரும்பாலும் ஒரு பணியாளரின் கரண்டிக்குப் பின்னால் இருக்கும். கொடுத்த காசுக்கு ஈடாக உண்டுவிட வேண்டும் என்று நாம் வயிற்றை வருத்துகிறோம். ஆனால், நாம் கொடுத்த காசு நுழைவாயிலிலேயே செலவாகிவிட்டது; நான்காவது தட்டை உண்பதால் அது திரும்பி வரப்போவதில்லை!

இனி அம்மேசையில் உள்ளவற்றைப் பார்ப்போம். 'ஃபோ' என்பது அரிசி நூடுல்ஸ் இட்ட சூப். மாட்டெலும்பை மணிக்கணக்கில் கொதிக்க வைத்து, அதில் அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, சுட்ட இஞ்சி சேர்ப்பர். மூடியைத் திறந்தால் நம் பிரியாணி தேக்சாவின் நறுமணம்! 'பான் செயோ' என்பது அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் மஞ்சள்தூளும் கலந்து வார்ப்பது. பார்வைக்கு நம் தோசையே. பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த 'செ' எனும் இனிப்பை நம் பெண்கள் பாயசம் என்றே சொல்வர். கோழியைத் தேங்காய்ப்பாலில் எலுமிச்சைப் புல்லுடன் சமைத்து, பிரெஞ்சு ரொட்டியைத் தொட்டு உண்ணும் குழம்பு ஒன்றுண்டு. அதன் பெயரே 'கா ரி'. நம் கறிதான் அது.

மணமும் நிறமும் நம்முடையவை, உள்ளிருப்பதோ வேறு. பான் செயோவின் நடுவில் வழக்கமாக வைக்கப்படுவது பன்றி இறைச்சியும் இறாலும். சா யோவின் உள்ளே பன்றிக் கொத்துக்கறி. 'கொய் குவோன்' எனும் பொரிக்காத சுருளில் இறாலுக்கு அருகிலேயே பன்றித் துண்டு மெல்லிய தாளினூடே தெரியும். ரொட்டியில் தடவும் பசையிலும் பன்றியின் ஈரல் இருக்கக்கூடும். காய்கறிச் சுருள் என எழுதியிருந்தாலும், பன்றிச் சுருள் பொரித்த எண்ணெயிலேயே அதையும் பொரித்திருக்கலாம். ஃபோவும் கா ரியும் பன்றியற்றவையாயினும், அறுத்தவர் எவரென அறியாத மாட்டையும் கோழியையும் கொண்டவை. ஹலால் ஏற்பாடு உண்டென்று ஹோட்டல் நிர்வாகம் தெளிவாகச் சொன்னாலன்றி இறைச்சிப் பக்கமே செல்லாதிருப்பது நலம்.

அவ்வாறாயின் பட்டினி கிடப்பதா? தேவையில்லை. 'நுவோக் மாம்' எனும் மீன் சாற்றின் வாடையைக் கண்டு பலர் முகம் சுளிக்கின்றனர். அதில் ஏதோ ஹராம் இருப்பதாகவும் ஐயுறுகின்றனர். நெத்திலியையும் உப்பையும் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்றென அடுக்கி, பீப்பாயில் ஓராண்டளவு ஊறவிட்டு வடிக்கும் சாறு அது. மரக்காணத்தில் உப்பளத்தையும் கருவாட்டையும் ஒருங்கே காணும் நம் பகுதியினர் அதனைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மீன் உண்டு; பச்சிலைகள் உண்டு; பழங்கள் உண்டு. வியட்நாமில் பௌத்தர்கள் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் புலால் மறுப்பதால், 'சை' என்ற பெயரில் தாவர உணவு எங்கும் கிடைக்கிறது. பன்றிக்குத் தென் வியட்நாமில் 'ஹேயோ' என்றும், வடக்கில் 'லோன்' என்றும் பெயர். 'போ' என்றால் மாடு. 'தோம்' என்றால் இறால். கோழிக்கும் மீனுக்கும் உரிய சொற்கள் நம் எழுத்தில் ஒன்றுபோல் 'கா' என்றே வரும். அங்கு ஒலிப்பு வேறு. ஆகவே காதை நம்பாமல், பணியாளரிடம் தட்டைச் சுட்டிக் கேட்பதே வழி.

இனிப்பு மேசையை ஹலாலென்றே எண்ணி விட்டுவிடுவது நம்மவர் வழக்கம். அசையும் புட்டிங்கில் உள்ள ஜெலட்டின் பன்றித் தோலிலிருந்தும் எடுக்கப்படுவது. திராமிசு எனும் இத்தாலிய இனிப்பில் மது சேர்ப்பது வழக்கம். ஜப்பானியச் சமையலின் மிரின் அரிசி மது. சீனச் சமையலிலும் அரிசி மது ஊற்றுவர். மது பரிமாறப்படும் விருந்து மேசையில் அமர்வதையே பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். எனவே, மதுவையும் கட்டணத்தில் சேர்த்துள்ள விருந்தா என்பதை முன்னரே கேட்டுக்கொள்வது அவசியம். பள்ளிவாசலைச் சுற்றி ஹலால் உணவகங்கள் சில இருக்கின்றன. ஐயம் தீராவிடில் தெருவைக் கடந்தால் போதும்.

கடலுணவில் மற்றொரு சிக்கல் எழுகிறது. நம் கடற்கரையோர ஷாஃபியீ குடும்பத்தார் கணவாயையும் சிப்பியையும் தயக்கமின்றி உண்பர். திண்டிவனம், விழுப்புரம் பகுதிகளில் ஹனஃபி மத்ஹபினர் பலர்; அவர்களுக்குக் கடலில் மீன் மட்டுமே ஆகுமானது. இறால் மீனினமா, அன்றா என்பதில் ஹனஃபி அறிஞர்களிடையே இரு கருத்துண்டு. வியட்நாம் மேசையில் தவளையும் வரும். அது இரு மத்ஹபிலும் ஆகாது. ஒரே மேசையில் அமர்ந்த சம்பந்திகளுள் ஒருவர் கணவாயை எடுக்க, மற்றவர் அதனைக் கண்டு 'அஸ்தஃக்ஃபிருல்லாஹ்' சொன்னால் விருந்து கெட்டுவிடும்.

இதற்கு அண்ணலாரின் வாழ்விலேயே விளக்கம் இருக்கிறது. உடும்பையொத்த ஒரு பிராணியின் வறுத்த இறைச்சி அவர்கள் முன் வைக்கப்பட்டது. அவர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். அது ஹராமா எனக் காலித் பின் வலீத் (ரலி) வினவ, இல்லையென்றும், தம் மக்களின் நிலத்தில் அது இல்லாததால் தமக்கு ஒவ்வவில்லையென்றும் கூறினார்கள். காலித் (ரலி) அதனைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இந்நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. மார்க்கம் தடுத்தது வேறு. நமக்குப் பிடிக்காதது வேறு. பிறநாட்டுச் சோற்றைக் கண்டு மூக்கைப் பொத்துவதற்கு மார்க்கத்தைத் துணைக்கழைக்க இயலாது.

எவ்வளவு எடுப்பது என்பதில்தான் எமக்குப் பெருங்கவலை. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் ஸஹன் விருந்தைக் கண்டவர்கள் அறிவர்: ஒரே பெருந்தட்டைச் சுற்றிச் சிலர் அமர்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து உண்பர். நடுவிலுள்ள இறைச்சித் துண்டை ஒருவரே அள்ளிக்கொண்டால் மற்றவர் கண்கள் அவர் மீது படும். பலர் சேர்ந்து பேரீச்சம் பழம் உண்ணும்போது, உடனிருப்போர் அனுமதியின்றி இரண்டிரண்டாக எடுப்பதை நபியவர்கள் தடுத்ததாக இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். பஃபே மேசையும் ஒரு ஸஹன்தான். ஆனால், இருநூறு பேருக்கான ஸஹன். உடனுண்போரின் முகம் தெரியாததால், தட்டில் எட்டு இறால்களை அடுக்கிக்கொண்டு வருவதற்கு நமக்குக் கூச்சம் வருவதில்லை. பின்னால் நிற்கும் பிள்ளைக்கு இறால் இருக்குமா என்று எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

உலகில் 2022ஆம் ஆண்டில் வீணான உணவு 105 கோடி டன் என ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் கணக்கிட்டது. அதில் 28 விழுக்காடு ஹோட்டல் முதலிய உணவு வழங்குமிடங்களிலும், 60 விழுக்காடு வீடுகளிலும் வீணானது. ஆம், குற்றவாளி ஹோட்டல் மட்டுமன்று. 2013இல் வெளியான நார்வே ஆய்வொன்று ஓர் எளிய வழியைக் காட்டியது. ஹோட்டல்களில் தட்டின் அளவைக் குறைத்தபோது வீணாகும் உணவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பலமுறை வந்து சிறிது சிறிதாக எடுத்துக்கொள்ளலாம் என அறிவிப்புப் பலகை வைத்த ஹோட்டல்களிலும் அதே அளவு குறைந்தது. மக்களை எவரும் கண்டிக்கவில்லை, அபராதமும் போடவில்லை.

இந்தப் பஃபே முறை இப்போது நம் திருமண மண்டபங்களுக்கும் வலீமா விருந்துகளுக்கும் வந்துவிட்டது. சர்க்கரை நோயுள்ள பெரியவர் ஒரு கையில் தட்டும் மறு கையில் தண்ணீருமாக நாற்காலி தேடி அலைவதைக் காண மனம் பொறுக்கவில்லை. முதியோருக்கும் கைக்குழந்தையுடன் வந்த பெண்களுக்கும் ஒரு பந்தியைத் தனியே போட்டு, அமர வைத்துப் பரிமாறுவதில் மண்டபத்தாருக்கு என்ன தடை? மற்றவர் வரிசையில் நிற்கட்டும். தட்டு சிறியதாக இருக்கட்டும். இறைச்சிக் கரண்டி பரிமாறுவோர் கையில் இருக்கட்டும். சமைத்த உணவு 60 பாகைக்கு மேல் சூடாக இருத்தல் வேண்டும், வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பிற்பகல் ஒரு மணிக்குத் திறந்த தேக்சாவின் மிச்சத்தை மாலை ஐந்து மணிக்கு ஏழைகளின் தெருவுக்கு அனுப்புவோர் இதனைக் கவனிக்க வேண்டும். கொடுப்பதானால், முதற்பந்தி எழுவதற்கு முன்பே, சூடு ஆறாமல் பிரித்தெடுத்து அனுப்பிவிடுங்கள்.