உங்களுக்குத் தெரியுமா? காந்தப்புலத்தில் ஓடும் வெடிப்பலை

• இரண்டு பங்கு ஹைட்ரஜன், ஒரு பங்கு ஆக்சிஜன் கலந்த குழாயில் வெடிப்பலை கிளம்பினால், நொடிக்கு ஏறத்தாழ 2,840 மீட்டர் வேகத்தில் ஓடும். இங்கே வாயுவைப் பற்றவைப்பது தீயிலிருந்து பரவும் சூடு அல்ல, முன்னே பாயும் அதிர்ச்சி அலை வாயுவை அழுத்துவதால் எழும் சூடு.

• அந்த வேகத்தைக் கணக்கிட, எரிதல் எப்படி நடக்கிறது என்ற விவரம் தேவையில்லை. எவ்வளவு வெப்பம் வெளிப்படும் என்று தெரிந்தால் போதும். அழுத்தம், கனஅளவு வரைபடத்தில் உந்தம் மாறாது என்ற விதி ஒரு நேர்கோட்டைத் தருகிறது, ஆற்றல் மாறாது என்ற விதி ஒரு வளைகோட்டை. கோடு வளைவை வெட்டாமல் தொட்டுச் செல்லும் இடத்தில் விடை இருக்கிறது. 1899-ல் இங்கிலாந்தின் சாப்மனும், சில ஆண்டுகளில் பிரான்சின் ஜூகேயும் கண்ட வழி இது. இயற்பியலில் இவ்வளவு அழகான தொடுகோடு வேறு உண்டா என்று தெரியவில்லை. அந்தப் புள்ளியில் எரிந்த வாயு, அலையை விட்டு மிகச் சரியாக ஒலியின் வேகத்தில் விலகுகிறது.

• வாயு மின்சாரத்தைக் கடத்துவதாக இருந்து, காந்தப்புலமும் சேர்ந்தால்? ‘ஒலியின் வேகம்’ ஒன்றாக இருக்காது. காந்தக் கோடுகள் வீணைத் தந்திபோல் அதிரும் என்று ஸ்வீடனின் ஆல்வேன் 1942-ல் காட்டினார் (1970-ல் நோபல் பரிசு). அதனால் வேக அலை, ஆல்வேன் அலை, மந்த அலை என மூன்று வேகங்கள். வெடிப்பலையிலும் வேகமானது, மந்தமானது என இரு வகை பிறக்கின்றன.

• 1 டெஸ்லா காந்தப்புலத்தின் அழுத்தம் சுமார் 4 வளிமண்டலம்! ஆனால் கோடுகள் அலை போகும் திசையிலேயே இருந்தால், காந்தம் இல்லாத பழைய விடையும் அப்படியே செல்லும்.

• வெறும் தீச்சுவாலை மின்சாரத்தைச் சொற்பமாகத்தான் கடத்தும். பொட்டாசியம் உப்பைத் தூவினால் கடத்துதிறன் பலமடங்கு உயரும். வெடிப்பலை இல்லாமல், இப்படி உப்புத் தூவிய சூடான வாயுவிலிருந்து காந்தப்புலத்தின் உதவியால் மின்சாரம் எடுக்கும் சோதனை நிலையம் 1980-களில் நம் திருச்சியிலேயே இயங்கியது; பெல் நிறுவனமும் பாபா அணு ஆராய்ச்சி மையமும் அதில் கைகோத்தன.

• கணிதவியலாளர்களின் கேள்வி வேறு: இப்படியொரு அலை சமன்பாடுகளில் உண்மையிலேயே உண்டா? வாயுவின் ஒவ்வொரு நிலையையும் ஒரு வரைபடப் புள்ளியாகக் கருதினால், அலைக்கு முந்தைய நிலை ஒரு புள்ளி, பிந்தைய நிலை இன்னொரு புள்ளி. இரண்டையும் இணைக்கும் பாதை இருந்தால்தான் அலை இருக்கிறது என்று பொருள். காந்தம் சேர்ந்தால், எரிதல் இல்லாத எளிய அதிர்ச்சி அலைக்கே நான்கு புள்ளிகள் வரை வந்துவிடும். எதிலிருந்து எதற்குப் பாதை? 1974-ல் கான்லியும் ஸ்மோலரும் இடவியலைக் கொண்டு இந்தச் சிக்கலை ஆராய்ந்தார்கள். வேக அலைக்கும் மந்த அலைக்கும் பாதை உண்டு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அதிர்ச்சி அலைகளுக்கு உண்டா இல்லையா என்பது பாகுத்தன்மை, மின்தடை ஆகியவற்றின் விகிதத்தைப் பொறுத்தே அமைகிறது.