நம் நாட்டின் எரிமலைத் தீவு

எரிமலை என்றதும் இத்தாலியும் ஜப்பானும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நம் பாரத நாட்டிலும் இன்றுவரை அடங்காத எரிமலை ஒன்று உண்டு. அதுவே வங்கக் கடலுக்குக் கிழக்கே, அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு. போர்ட் பிளேரிலிருந்து (இன்று ஸ்ரீ விஜயபுரம்) வடகிழக்கே சுமார் 140 கி.மீ. தொலைவில் அது தனித்து நிற்கிறது. அங்கு மனிதர் எவரும் வாழவில்லை.

தீவின் குறுக்களவு ஏறக்குறைய 3 கி.மீ. மட்டுமே. ஆயினும் நாம் காண்பது மலையின் உச்சிதான். அதன் பெரும்பகுதி கடலுக்குள் மூழ்கியிருக்கிறது. பழைய எரிமலையின் வாய் வட்டமான மதிலைப் போலச் சூழ்ந்திருக்க, அதன் நடுவே சாம்பலாலும் கற்களாலும் ஆன கூம்பு ஒன்று எழும்பியுள்ளது. மதிலின் மேற்குப் பக்கம் இடிந்து திறந்திருக்கிறது. தீக்குழம்பு அவ்வழியே ஓடிக் கடலில் விழுகிறது.

இம்மலை ஏன் எரிகிறது? இந்தியாவைத் தாங்கும் நிலத்தட்டு, இங்கே பர்மியத் தட்டின் அடியில் மெல்ல மெல்லப் புதைகிறது. அது கொண்டுசெல்லும் நீர், ஆழத்தில் உள்ள சூடான பாறையோடு கலக்கிறது. உப்பிட்ட பனிக்கட்டி எளிதில் உருகுவது போல, நீர் கலந்த பாறையும் எளிதில் உருகி மேலெழுகிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நாகப்பட்டினத்தையும் கன்னியாகுமரியையும் கலங்கடித்த ஆழிப்பேரலைக்குக் காரணமான நிலநடுக்கமும் இத்தட்டுகளின் எல்லையில்தான் நிகழ்ந்தது. தொலைவில் உள்ள தீவு நமக்குத் தொடர்பற்றது அன்று என்பதை இதனால் உணரலாம்.

நம் கொல்லிமலையோ எரிமலை அன்று. திருப்புலி நாட்டில் நாம் மிதிக்கும் சார்னகைட் பாறை, பூமியின் ஆழத்தில் உருவாகி ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அம்முதியவளோடு ஒப்பிட்டால் பாரன் தீவு நேற்றுப் பிறந்த குழந்தை!

1787இல் அத்தீவு கனன்றதைக் கடலோடிகள் குறித்து வைத்தனர். 19ஆம் நூற்றாண்டிலும் சிலமுறை சீறிய அது, பின்னர் நெடுங்காலம் உறங்கியது. 1991இல் மீண்டும் விழித்து, மாதக்கணக்கில் தீக்குழம்பைக் கக்கியது. 2005க்குப் பிறகு அடிக்கடி பொங்கி வருகிறது. 2017 சனவரியில் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் அறிஞர்கள் கப்பலிலிருந்தே அது சாம்பலை உமிழ்வதைக் கண்டனர்.

'பாரன்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு 'விளைவற்றது' என்பது பொருள். அப்பெயர் முற்றிலும் பொருந்துமா? நடுக்கூம்பு கரியாகக் கிடந்தாலும், வெளிச்சரிவுகளில் காடு இருக்கிறது. புறாக்களும் பழந்தின்னி வௌவால்களும் அங்கு உண்டு. 1991ஆம் ஆண்டுச் சீற்றம் உயிரினங்களை மிகவும் குறைத்தது. எனினும் உயிர் அத்தீவை விட்டு அகலவில்லை. 1891இல் கப்பலிலிருந்து விடப்பட்டவை எனக் கூறப்படும் ஆடுகளின் வழித்தோன்றல்களும் அங்கே பிழைத்து வந்துள்ளன.

ஆடு பிழைத்தது நன்றுதானே என எண்ணுகிறீர்களா, தோழியரே? வடக்கே சுமார் 135 கி.மீ. தொலைவில் உள்ள நார்கொண்டம் என்னும் மற்றோர் எரிமலைத் தீவின் கதையைக் கேளுங்கள். உலகில் வேறெங்கும் காண இயலாத இருவாய்ச்சிப் பறவை ஒன்று அங்கு வாழ்கிறது. தாய்ப்பறவை மரப்பொந்தினுள் புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ளும். ஆண் பறவை சிறு பிளவின் வழியே பழம் ஊட்டும். பெரிய மரங்கள் இன்றேல் அக்குடும்பமே இல்லை. 1970களில் காவலர் முகாமின் தேவைக்காகக் கொண்டுவந்த ஆடுகள் பல்கிப் பெருகி இளஞ்செடிகளைத் தின்றன. இன்றைய செடி அழிந்தால் நாளைய மரம் ஏது? எனவே அவற்றைப் பிடித்து அகற்ற வேண்டியதாயிற்று.

எரிமலை சுட்ட நிலத்தில் விதை மீண்டும் முளைக்கும். ஆனால் முளைத்ததையெல்லாம் ஓயாது மேய்ந்தால் காடு எவ்வாறு திரும்பும்? ஆளில்லாத நிலம் பயனற்ற நிலம் அன்று. அது வேறு உயிர்களின் இல்லம். நம் மலைச் சோலைகளுக்கும் இது பொருந்தும். சில இடங்களை அவற்றின் போக்கிலேயே விட்டுவைப்பதும் நாம் ஆற்ற வேண்டிய கடமையே ஆகும்.