கஞ்சிக்கோட்டு மாடியில் பெட்டி வாய்திறந்தது

செருப்பைக் கழற்றாமலே மேலே ஏறுங்கள். தரை முழுக்க நறுக்கிப் போட்ட கம்பித் துண்டுகள், காலில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. ஹாம் ரேடியோ என்ற பொழுதுபோக்கில் இருப்பவர்கள் மைக்கைப் பிடித்து ஊர் ஊராகப் பேசுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சொந்தமாகப் பற்றவைத்த ரேடியோ பேசமாட்டேன் என்று அடம்பிடிக்கிற நேரத்தில் பக்கத்தில் உட்கார யாரை விடுவார்கள்? என்னை விட்டார்கள்! பாலக்காட்டுக்கும் வாளையாருக்கும் நடுவில், கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு வீட்டு மாடி அறை இது.

அறை என்று சொல்லிவிட்டேன், கால் வைக்க இடம் தேட வேண்டும். பிஸ்கட் டப்பாக்களில் ரெசிஸ்டர்கள், ஹார்லிக்ஸ் பாட்டிலில் திருகுகள், ஜன்னல் கம்பியில் தொங்கும் ஒயர்ச் சுருள்கள். ஒரு சின்ன டப்பாவைத் திறந்து காட்டினார் வீட்டுக்காரர். உள்ளே கருகிப்போன டிரான்சிஸ்டர்கள். "இதெல்லாம் நம்ம கையால போனதுங்க அம்மிணி. தூக்கிப் போட மனசு வரல."

1976-இல் இங்கே தொடங்கிய ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். நம்மிடம் பேசுவது கொங்குத் தமிழ். சர்க்யூட்டைத் திட்டுவது மட்டும் சுத்த மலையாளம். எதிரே உட்கார்ந்திருக்கும் பெண் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறாள், லீவு நாளில் பஸ் ஏறி வந்துவிடுகிறாள். மேசையில் இருக்கிற சர்க்யூட் தட்டு அவள் பற்றவைத்தது. ஒவ்வொரு ஈயப் பொட்டும் அவள் கைவேலை.

அது பிட்எக்ஸ் வகை ரேடியோ. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் என்ற ஹாம் வடிவமைத்த சர்க்யூட் அது. வெளிநாட்டுப் பாகங்களுக்குக் காத்திருக்காமல், நம் கடைத்தெருவில் கிடைப்பதை வைத்தே வேலை முடிய வேண்டும் என்று யோசித்தவர். அவருடைய முதல் வடிவத்தில் காயில் சுற்றுவதற்குத் தண்ணீர்க் குழாயில் போடுகிற வாஷரையே பயன்படுத்தினார் என்றால் பாருங்கள்! கேட்கும்போதும் பேசும்போதும் ஒரே பாகங்கள் இரண்டு பக்கமும் வேலை செய்யும், அதனால் செலவும் குறைவு. இன்று உலகம் முழுக்க இதைக் கட்டிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு ஹைதராபாத்காரர் போட்ட கோலம் அத்தனை தூரம் போயிருப்பதை நினைத்தாலே எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

சரி, முதல் முறை கரண்ட் கொடுக்கப் போகிறார்கள். நெருங்கி வாருங்கள்.

பேட்டரிக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு கார் பிரேக் லைட் பல்பைக் கோத்திருக்கிறார். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் வோல்டேஜ் முழுவதையும் பல்பு வாங்கிக்கொண்டு பளிச்சென்று எரியும், தட்டு தப்பிக்கும். எரியாவிட்டால் நிம்மதி. பல்பைப் பார்த்துக்கொண்டு, எரியாதே எரியாதே என்று வேண்டிக்கொள்ளும் கூட்டத்தில் நானும் சேர்ந்துகொண்டேன். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். சுவிட்ச். பல்பு எரியவில்லை! "ஷார்ட் இல்ல கண்ணு, கண்ணத் தொற!"

ஆனால் ஸ்பீக்கரிலும் சத்தமில்லை. இரைச்சல்கூட இல்லை. அவள் முகம் வாடிவிட்டது. வீட்டுக்கார மாமாவுக்கோ முகம் மலர்ந்துவிட்டது. தேடுவதற்கு ஒன்று கிடைத்துவிட்டதே! இந்த மனிதருக்கு ரேடியோவில் பேசுவதைவிட, பேசாத ரேடியோவைப் பேசவைப்பதில்தான் ருசி. அன்று முழுக்க அதைக் கண்ணால் பார்த்தேன்.

தேடல் ஸ்பீக்கரிலிருந்து பின்னோக்கிப் போகிறது. வால்யூம் கன்ட்ரோலின் நடுக்காலை ஸ்க்ரூடிரைவர் முனையால் தொட்டார். 'புர்ர்ர்' என்று ஸ்பீக்கர் உறுமியது. சத்தம் பெருக்குகிற பகுதிக்கு உயிர் இருக்கிறது. அடுத்து, பழைய சிற்றலை ரேடியோ ஒன்றை 10 மெகாஹெர்ட்ஸில் வைத்துப் பக்கத்தில் நகர்த்தினார். அதுவரை இரைந்துகொண்டிருந்த ரேடியோ சட்டென்று அடங்கியது. தட்டில் இருக்கிற கிரிஸ்டல் துடிக்கிறது என்று அர்த்தமாம். என்ன அழகான தந்திரம்! விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், ஒரு ரேடியோவை வைத்து இன்னொரு ரேடியோவுக்கு நாடி பார்க்கிறார்.

இதற்குள் எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டுகிறது. ஃபேன் ஓடினால் ரிசீவரில் கரகரப்பு வரும் என்று நிறுத்திவிட்டார்கள். எல்.இ.டி. பல்புக்கும் அதே தண்டனை. கீழே சமையலறையில் இருக்கும் வீட்டுக்கார அக்காவோடு ஓர் உடன்படிக்கை: நாலு மணி முதல் மிக்ஸி ஓடக்கூடாது. "சட்னிய அம்மியில அரச்சுக்கறேன், ஆனா அரைக்கறது நீங்கதான்" என்று கீழேயிருந்து குரல் வந்தது. மாமா உடனே ஒப்புக்கொண்டார்.

பூதக்கண்ணாடியோடு குனிந்தவர் ஒரு காயிலில் நின்றார். காயில் சுற்றுகிற செம்புக் கம்பிக்கு மேல் எனாமல் பூச்சு இருக்கும், அதைச் சுரண்டிவிட்டுத்தான் ஈயம் வைக்க வேண்டும். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தார். 'பீப்' வரவில்லை. ஈயம் பளபளவென்று அழகாக உட்கார்ந்திருக்கிறது, அடியில் எனாமல் அப்படியே இருக்கிறது. "அய்யோ, இந்த ஒரு முனைதான் மாமா, மிச்சமெல்லாம் சுரண்டினேன்!" பிளேடு வந்தது, சால்டரிங் அயர்ன் வந்தது, குங்கிலிய வாசனையோடு புகை எழுந்தது. மறுபடி மீட்டர். பீப்!

ஆன்டெனாவைச் செருகியதும் ஸ்பீக்கரில் கடல் இரைச்சல். நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுப் பையன் மாடிப்படி ஏறி வந்துவிட்டான். ஆன்டெனாவையும் எட்டிப் பாருங்கள்: மாடிக் கம்பத்திலிருந்து கரிம்பனை மரம் வரைக்கும் 20 மீட்டர் செம்புக் கம்பி. கேரள மின்வாரியம் கஞ்சிக்கோட்டில் காற்றாலைகளை நட்டதற்குக் காரணமான பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, இந்தக் கம்பியையும் விடாமல் ஆட்டுகிறது. கட்டியிருக்கும் நைலான் கயிற்றை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறதாம்.

குமிழை மெல்லத் திருப்பினாள். இரைச்சலுக்குள்ளிருந்து யாரோ பேசுகிறார்கள், ஆனால் வாத்துக் குரலில். ஹாம்களே இதை அப்படித்தான் சொல்கிறார்கள். பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவரால் ட்ரிம்மரை மயிரிழை அளவு திருப்பினார் மாமா. வாத்து கிழவரானது, கிழவர் நடுவயதுக்காரர் ஆனார், கடைசியில் தெளிவாக ஒருவர் தன் ஊர் மழையைப் பற்றிக் கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கன்னடம் தெரியாது. 'மளே' மட்டும் புரிந்தது, அதுவே போதுமாக இருந்தது.

இனி பேசும் பக்கம். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு ஒரு தகர டப்பாவை மாட்டினார்கள். உள்ளே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் 20, பக்கவாட்டில் சேர்த்து 50 ஓம் ஆக்கியது. அலை வெளியே போகாமல் அதிலேயே சூடாகித் தீர்ந்துவிடும். ஊருக்குத் தொந்தரவில்லாமல் ஒத்திகை பார்க்கலாம். பட்டனை அழுத்தினால் ரிலே 'டக்' என்கிறது, மீட்டர் முள் நகர்கிறது. அந்தக் கருகிய டப்பாவில் கிடப்பவை பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் போனவைதானாம், அதனால் யாரும் மூச்சுவிடவில்லை. ட்ரிம்மரைத் திருப்பி, முள் சரியான இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார். டப்பாவைத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு! அவளுடைய முதல் 5 வாட்.

"கரண்ட் போயி!" என்று கத்தினான் பையன். போகட்டும், நம்முடையது பேட்டரி. ஊரே மின்சாரம் இழந்ததில் ரிசீவர் இன்னும் சுத்தமாகிவிட்டது. 2018 வெள்ளத்தில் செல்போன் செத்த இடங்களிலிருந்து கேரளத்து ஹாம்கள் செய்தி கடத்தியதும் இப்படிப் பேட்டரியை நம்பித்தான் என்றார் மாமா.

அவள் தேர்வு எழுதியாகிவிட்டது, உரிமம் இன்னும் கைக்கு வரவில்லை. அதனால் மாமா தன் அழைப்புக்குறியைச் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். ஸ்பீக்கரில் ஒரு குரல் அவருடைய குறியைத் திருப்பிச் சொன்னது. பெங்களூரு! அவள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது. கேட்கிற தரத்துக்கு ஐந்து-ஏழு என்று மதிப்பெண் வந்தது. நன்றாகப் புரிகிறது, ஆனால் குரல் கொஞ்சம் அமுங்கி வருகிறது, மைக்கைப் பாருங்கள் என்றார் அந்தப் பக்கத்துக்காரர்.

அவ்வளவுதான், வேலை மறுபடி தொடங்கிவிட்டது. கப்பாசிட்டரை மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார் மாமா. கோளாறு மைக் ஒயரில் என்று சொல்லிக்கொண்டே சால்டரிங் அயர்னைச் சூடாக்கிவிட்டாள் அவள். கீழே சட்னிக்குத் தேங்காய் துருவியாயிற்று என்று அக்கா மூன்றாம் முறை கூப்பிடுகிறார். "அஞ்சே நிமிஷம்!" என்று இருவரும் ஒரே குரலில் கத்துகிறார்கள்.