சிறிய வண்டியும் பெரிய கணக்கும்

மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டில் காலை வேளையில் மோட்டார் வண்டி செலுத்தியவர்கள் ஓர் உண்மையை நன்கு அறிவர். இருமருங்கிலும் பழைய கிடங்குகள். அவற்றின் வாயிலில் மூட்டை இறக்கும் லாரிகள். இடையே எஞ்சிய வழியில், ஏழு பேர் அமரும் நம் பெரிய வண்டியைக் கொண்டுசெல்வது நாள்தோறும் ஒரு சோதனையாகவே இருந்தது. பிள்ளைகள் இருவரும் படிப்பின் பொருட்டு வெளியூர் சென்ற பின்னரும் அதனை நாம் விடவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "ஊருக்குப் போக வேண்டுமே!" என்று விடை கூறினோம்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் இவ்விடை புதிதன்று. ஆண்டில் பத்து நாள் பயணத்தை எண்ணி, எஞ்சிய 355 நாட்களும் பெரிய வண்டிக்குப் பெட்ரோல் வார்க்கிறோம். இது முறைதானா என்று சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம்.

மாதம் 800 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். பெரிய வண்டி லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடினால் 80 லிட்டர் வேண்டும். சிறிய வண்டி 16 கிலோமீட்டர் ஓடினால் 50 லிட்டர் போதும். லிட்டர் நூறு ரூபாய் என வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு மிச்சம் 36,000 ரூபாய். ஆனால், பழைய வண்டியை விற்ற தொகைக்கு மேல் 3,60,000 ரூபாய் போட்டுப் புதியதை வாங்கினால், பெட்ரோல் மிச்சத்தால் மட்டும் அப்பணம் திரும்பப் பத்தாண்டுகள் ஆகும். ஆதலின் பழுதுச் செலவையும் காப்பீட்டையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். மாதம் 300 கிலோமீட்டருக்குக் குறைவாக ஓடும் நல்ல வண்டியை அவசரப்பட்டு விற்பது சிக்கனமாகாது.

விளம்பரத்தில் காணும் மைலேஜ் சோதனைச் சாலையில் கண்ட அளவாகும். நெரிசலில் அது குறையும். உண்மையை அறிய எளிய வழி உண்டு. தொட்டியை நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொள்க. சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் மீண்டும் நிரப்புக. ஓடிய தூரத்தை, இரண்டாம் முறை நிரப்பிய லிட்டரால் வகுத்தால் விடை கிடைக்கும். வாங்க எண்ணும் வண்டியை ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் இக்கணக்கைக் கேட்பது நலம்.

சிறிய வண்டி உழைக்குமா என்னும் ஐயம் பழையது. 1,489 சி.சி. எஞ்சின் பூண்ட அம்பாசடரைக் கண்டு பழகிய நாட்டில், 1983ஆம் ஆண்டு 796 சி.சி. எஞ்சினுடன் மாருதி 800 வந்தது. இரண்டின் உற்பத்தியும் 2014இல் நின்றது. இடைப்பட்ட முப்பதாண்டுகளில் எண்ணற்ற நடுத்தரக் குடும்பங்களின் முதல் கார் அச்சிறு வண்டியே. அருகில் பழுது பார்ப்போரும் தடையின்றி உதிரிப் பாகங்களும் கிடைத்தல் நம்பகத்தின் பெரும்பகுதி. வாடகைக் கார் ஓட்டுநர்கள் எதனை விரும்பி வாங்குகிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் பிழைப்பே அதில் அடங்கியிருக்கிறது.

நகருக்குள் குறுந்தூரம் மட்டுமே ஓடுவோர்க்குப் புதிய டீசல் வண்டி பொருந்தாது. அதன் புகை வடிகட்டி எஞ்சின் நன்கு சூடேறினாலன்றித் தூய்மை பெறாது. கடற்காற்று படும் ஊரில் பழைய வண்டி வாங்குவோர் அடிப்பகுதியில் துருவையும், விரிப்பின் கீழ் வெள்ளநீர்க் கறையையும் தேடிப் பார்த்தல் அவசியம். 2023 அக்டோபர் முதல் நம் நாட்டிலேயே மோதல் சோதனை நடத்தி நட்சத்திர மதிப்பு வழங்குகிறார்கள். சிக்கனத்தின் பெயரால் அதனைப் புறக்கணித்தல் ஆகாது.

புலம்பெயர்ந்தோர் மறக்கலாகாத செய்தி ஒன்று: ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அங்கே புதிய பதிவெண் பெறுதல் வேண்டும். மாற்றலுக்கு உட்பட்ட மத்திய அரசு ஊழியர் முதலியோர்க்கு 2021இல் ஏற்பட்ட பாரத் வரிசைப் பதிவு இத்தொல்லையை நீக்குகிறது.

நாம் கணக்கிட்டு, பெரிய வண்டியை விற்றோம். சென்ற பொங்கலுக்கு எர்ணாகுளத்தில் பாலருவி விரைவு ரயில் ஏறித் திருநெல்வேலி சேர்ந்தோம். ஊரில் இரண்டு நாள் வாடகைக் கார் போதுமானதாயிற்று. அன்றாட வாழ்வுக்கு எது ஏற்றதோ அதனை வாங்குவோம். ஊர்ப் பயணத்திற்கு வேறு வழி உண்டு.