பழைய இரும்பா, 1936-ன் குட்டி டிராக்டரா? எடைக்குப் போடும் முன் இதைப் படிங்க!

இங்கிலாந்தில் பழைய பண்ணைக் கொட்டகைகளைக் காலி செய்யும்போது, சில நேரம் மூலையில் ஒரு விநோதமான வண்டி தட்டுப்படும். ஆள் உயரம்கூட இருக்காது. டயர் கிடையாது, புல்டோசரில் இருப்பதுபோல இரண்டு பக்கமும் பட்டைச் சங்கிலி. ஸ்டியரிங்கும் கிடையாது, பிடித்துத் திருப்ப இரண்டு நெம்புகோல்கள் மட்டும். துருவைப் பார்த்ததும் பழைய இரும்புக் கடைக்காரரைக் கூப்பிடத்தான் தோன்றும். ஆனால், அது ரான்சம்ஸ் எம்.ஜி. டிராக்டராக இருந்தால், எடைக்குப் போடுவது பெரிய இழப்பு.

தோட்டக்காரனின் செயின் வண்டி

இப்ஸ்விச் நகரில் 1789-ல் தொடங்கப்பட்ட ரான்சம்ஸ், கலப்பைக்குப் பேர்போன நிறுவனம். 1936-ல் அது எம்.ஜி.2 என்ற குட்டி டிராக்டரைக் கொண்டுவந்தது. இது பெரிய பண்ணைக்கான வண்டி இல்லை. காய்கறித் தோட்டம், பழத்தோட்டம் வைத்திருந்த சிறு விவசாயிகளுக்கானது.

அதுவரை அவர்களுக்கு இருந்த துணை குதிரைதான். வேலை இல்லாத நாளிலும் குதிரைக்குத் தீனி போட வேண்டும். பெரிய டிராக்டர் வாங்கப் பணமும் இல்லை. மர வரிசைகளுக்கு நடுவே அது நுழையவும் நுழையாது. எம்.ஜி.2 அந்த இடைவெளியை நிரப்பியது. பட்டை, வண்டியின் எடையைப் பரப்பிவிடுவதால் மண் இறுகுவது குறைவு. ஈர நிலத்திலும் பிடிப்பு கிடைக்கும்.

இன்ஜின், ஒற்றை சிலிண்டர், 600 சிசி, 6 குதிரைத்திறன். அதைக் கொடுத்தது ஸ்டர்மி ஆர்ச்சர். நம் தாத்தாக்கள் பெருமையாக ஓட்டிய ராலே சைக்கிளின் குடும்ப நிறுவனம்தான் அது! பட்டையைக் கொடுத்த ரோட்லெஸ் நிறுவனத்தை உருவாக்கிய பிலிப் ஜான்சன், முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் பீரங்கி வண்டிகளை வளர்த்தெடுத்தவர்களில் ஒருவர்.

எந்த மாடல்? எப்படிக் கண்டுபிடிப்பது?

எம்.ஜி. வரிசை 1960-கள் வரை வந்தது. எம்.ஜி.2, எம்.ஜி.5, எம்.ஜி.6, எம்.ஜி.40 என நான்கு மாடல்கள். மாடல் தெரியாமல் உதிரிபாகம் தேடினால் பணம்தான் வீண்.

முதல் துப்பு கியர். முன்னே ஒன்று, பின்னே ஒன்று என்று மட்டும் இருந்தால் அது எம்.ஜி.2 அல்லது எம்.ஜி.5. மூன்று வேகம் இருந்தால் அதற்குப் பிந்தைய மாடல்.

அடுத்தது உலோகத் தகட்டில் உள்ள எண். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கம்பி பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்தால் துருவோடு எண்ணும் போய்விடும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடைத்தாலே போதும். வார்ப்பு இரும்புப் பாகங்களில் புடைத்திருக்கும் எழுத்து, எண்களையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ரான்சம்ஸின் பழைய ஆவணங்கள், ரெடிங் பல்கலைக்கழகத்தின் ஊரக வாழ்வியல் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

சுத்தியலைத் தள்ளி வையுங்கள்

பல ஆண்டுகள் நின்ற இன்ஜினில் பிஸ்டன் இறுகியிருக்கும். உடனே சுத்தியலால் அடிப்பதும், வேறு வண்டியில் கட்டி இழுப்பதும் பெரிய தவறு. உடைந்தால் மாற்றுப் பாகம் எளிதில் கிடைக்காது.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துரு இளக்கும் எண்ணெயை உள்ளே விட்டுச் சில நாள் பொறுக்க வேண்டும். பிறகு கைப்பிடியால் முன்னும் பின்னும் லேசாக அசைத்துப் பார்க்கலாம். அசையவில்லையா? மறுபடி எண்ணெய், மறுபடி காத்திருப்பு. காற்றால் குளிரும் இன்ஜின் என்பதால், அதன் இரும்பு மடிப்புகளுக்குள் எலி கூடு கட்டியிருந்தால் சுத்தமாக எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஓடத் தொடங்கியதும் கொதித்துவிடும்.

இதில் பேட்டரி வேண்டாம். மேக்னெட்டோவே மின்சாரம் உண்டாக்கிப் பொறி கொடுக்கும். பொறி வரவில்லை என்றால் முதலில் பாயின்ட்டைச் சுத்தம் செய்ய வேண்டும். காயில் ஈரத்தில் கெட்டிருந்தாலும் புதிதாகச் சுற்றிக்கொள்ளலாம்.

உயிருக்கே ஆபத்தான இரண்டு இடங்கள்

இந்த வண்டியில் காலால் மிதிக்கும் கிளட்ச் இல்லை. இன்ஜின் வேகம் கூடும்போது கிளட்ச் கட்டைகள் தானாக வெளியே விரிந்து பிடிக்கும். துருவில் அவை பிடித்த நிலையிலேயே ஒட்டிக்கொண்டால், ஸ்டார்ட் ஆன நொடியே வண்டி ஆள் மேல் பாய்ந்துவிடலாம். அதனால் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது, பட்டைகள் தரையில் படாதபடி வண்டியை உறுதியான கட்டைகள் மேல் ஏற்றி நிறுத்த வேண்டும்.

அடுத்தது, சுற்றி ஸ்டார்ட் செய்யும் கைப்பிடி. அது திடீரென்று திருப்பி அடிக்கும். கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிக்க வேண்டும். சுற்றி வளைத்துப் பிடித்தால் கட்டைவிரல் உடையும்.

பர்ஸைப் பதம் பார்ப்பது எது?

பட்டைதான். எம்.ஜி.2-ன் பட்டைக் கண்ணிகளை இணைப்பது ரப்பர். மண்ணில் கிரீஸ் போட்டுப் பராமரிக்கும் தொல்லை வேண்டாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால், வயதானால் ரப்பர் வெடித்துக் காய்ந்துவிடும். பழைய வண்டி வாங்க நினைப்பவர்கள் பெயின்ட்டைப் பார்க்காமல், முதலில் ஒவ்வொரு கண்ணியையும் குனிந்து பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடாதது சமாளிக்கக்கூடிய குறை. பட்டை போனது பெரிய செலவு.

ஒரு வண்டி மொத்தமாகவே வீணாகியிருந்தாலும், அதன் கியரும் மேக்னெட்டோவும் இன்னொரு வண்டியை ஓடவைக்கும். ஆகவே, கொட்டகையில் இப்படி ஒன்று கிடைத்தால் முதல் போன் இரும்புக் கடைக்கு வேண்டாம். முதலில் தகட்டைத் துடைத்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்!