ஒட்டும் அகமும்: கொலாஜ் வழியே தன்னையறிதல்

கொலாஜ் என்னும் சொல் 'ஒட்டுதல்' எனப் பொருள்படும் பிரெஞ்சு வினையடியிலிருந்து பிறந்தது. தமிழில் ஒட்டுச்சித்திரம், ஒட்டோவியம் என்னும் பெயர்களால் இது சுட்டப்படுகிறது. 1912ஆம் ஆண்டில் பிக்காசோ, பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சிடப்பட்ட எண்ணெய்த்துணியைத் தம் ஓவியத்தில் ஒட்டினார். அதே ஆண்டில் பிராக், மரக்கோடுகள் அச்சிடப்பட்ட சுவர்த்தாளை வெட்டி ஒட்டினார். கலை வரலாறு இவ்வகையைப் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகிறது. ஆயினும், ரவிவர்மா அச்சுப்படங்களில் உள்ள இலக்குமிக்கும் சரசுவதிக்கும் பட்டுத்துணியும் சரிகையும் சமிக்கியும் ஒட்டி உடுத்தி அழகுபார்க்கும் வழக்கம் செட்டிநாட்டு வீடுகளில் இருந்தது. அதனை எவரும் கலை இயக்கம் என்று பெயரிட்டு அழைக்கவில்லை.

இன்று இவ்வடிவம் ஓவியக் கூடத்தைக் கடந்து, உளவள ஆலோசனையிலும் பயிற்சிப் பட்டறைகளிலும் தன்னையறியும் கருவியாக வழங்கப்படுகிறது. முறை எளியது. பழைய இதழ்களை எடுத்து, கண்ணைக் கவர்ந்தவற்றை வெட்டி, ஓர் அட்டையில் ஒட்ட வேண்டும். ஒட்டி முடித்தபின் அதில் தன்னைக் காண வேண்டும். இம்முறையின் அடிப்படையில் ஒரு புதிர் உள்ளது. பிறர் எடுத்த ஒளிப்படங்களிலும் பிறர் எழுதிய எழுத்துகளிலும் ஒருவர் தம்மை எவ்வாறு காண இயலும்? உள்ளே இருப்பதை வெளிப்படுத்துதல் என்னும் வழக்கமான விளக்கம் இங்கே போதாது. ஒட்டுபவரின் உள்ளிருந்து ஒரு கோடுகூட அட்டையில் இறங்கவில்லை. தமிழ் அகப்பொருள் மரபு இப்புதிருக்குப் பொருத்தமான விடையை நெடுங்காலத்திற்கு முன்பே வகுத்து வைத்துள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்து.

கருப்பொருளும் ஒட்டணியும்

அகப்பாடலில் தலைவி தன் மனத்தை நேரே எடுத்துரைப்பது குறைவு. புன்னையும் சுறாவும் கழியும் உப்பும் அவளுக்காகப் பேசுகின்றன. இக்கருப்பொருள்களில் எதுவும் அவளுடைய ஆக்கமன்று; புலவருடைய தனியுடைமையும் அன்று. அவை எல்லாப் புலவர்க்கும் பொதுவான இருப்பு. தெய்வம் நீங்கலான கருப்பொருள்களையே உள்ளுறைக்கு நிலைக்களனாகத் தொல்காப்பியம் கொள்கிறது. அகத்திணையில் ஒருவரின் பெயரைச் சுட்டிக் கூறுதல் ஆகாது என்றும் அது விதிக்கிறது. பெயர் இல்லாமல், சொந்தப் பொருள் இல்லாமல், ஒரு தனி மனம் துலங்குகிறது. எதைத் தெரிந்தெடுப்பது, எதன் அருகில் எதை வைப்பது என்னும் இரண்டு முடிவுகளில்தான் தனித்தன்மை பிறக்கிறது. ஒட்டோவியமும் இவ்விரு முடிவுகளால் ஆனதே.

சொல்ல எண்ணிய பொருளை மறைத்து, அதனை ஒத்த வேறொன்றைக் கூறி உணரவைப்பதைத் தண்டியலங்காரம் ஒட்டணி என்கிறது. நுவலா நுவற்சி, தொகைமொழி ஆகியனவும் அவ்வணிக்குரிய பெயர்களாக வழங்கின. ஒட்டு என்னும் சொல் இரண்டிடத்தும் வருவதைச் சான்றாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், சொல்லாமற் சொல்லுதல், தொகுத்துச் சொல்லுதல் என்னும் இரு செயல்களையும் ஓர் அணியின் பெயர்களாகக் கொண்ட மரபிற்கு ஒட்டோவியத்தின் இயல்பு அயலானதன்று.

வைப்புமுறையின் ஆற்றலுக்கு அகநானூறே சான்று. ஒற்றைப்படை எண்ணுள்ள பாடல்கள் எல்லாம் பாலை. இரண்டும் எட்டும் என முடிவன குறிஞ்சி, நான்கு முல்லை, ஆறு மருதம், பத்து நெய்தல். தொகுத்தவர் உருத்திரசன்மர். நானூறு பாடல்களுள் இருநூறு பாலை என்பதால், நூலைத் தொடர்ந்து வாசிப்பவர் எந்த நிலத்திற்குச் சென்றாலும் அடுத்த பாடலில் பிரிவிற்குத் திரும்ப நேர்கிறது. இவ்வுணர்வு எந்தத் தனிப்பாடலிலும் இல்லை, அடுக்கில் இருக்கிறது. நூலின் நடுப்பகுதிக்கு அமைந்த மணிமிடைபவளம் என்னும் பெயரும், வேறுபட்டவற்றை இடையிட்டுக் கோக்கும் செயலையே சுட்டுகிறது.

இங்கு ஒரு வேறுபாட்டையும் குறிக்க வேண்டும். சைவ சித்தாந்தம் கூறும் தன்னையறிதல், முப்பத்தாறு தத்துவங்களினின்றும் ஆன்மா தன்னை வேறென உணர்ந்து நீங்கும் நெறி. ஒட்டோவியத்தின் நெறி பொருள்களை நீக்குவதன்று, சேர்ப்பது. இரண்டையும் ஒன்றெனப் பேசும் பட்டறை மொழி இரண்டையும் தெளிவற்றதாக்குகிறது.

கண் இல்லாத தெரிவு

கண்ணைக் கவர்ந்ததை வெட்டுக என்னும் அறிவுரையைச் சோதிக்க வினோத் பிகாரி முகர்ஜியின் வாழ்வைவிடச் சிறந்த சான்று இந்தியக் கலையில் இல்லை. சாந்திநிகேதனில் பயின்று அங்கேயே ஆசிரியராக விளங்கிய அவருக்கு (1904–1980) பிறவியிலேயே பார்வை குறைவு. 1947இல் இந்தி பவனத்தின் சுவர்களில் இடைக்கால அடியார்களின் வாழ்வைப் பெரும் சுவரோவியமாகத் தீட்டினார். 1950களின் பிற்பகுதியில், கண் அறுவைக்குப்பின் பார்வை முற்றிலும் போயிற்று. அதன்பின் அவர் கைக்கொண்ட வடிவங்களுள் ஒன்று, வண்ணத்தாளை வெட்டி ஒட்டும் முறை. அவருடைய மாணவரான சத்யஜித் ராய் 1972இல் எடுத்த 'உட்கண்' என்று பொருள்படும் பெயருடைய ஆவணப்படம் இக்காலத்தைப் பதிவு செய்துள்ளது.

தூரிகையின் தடத்தை விரலால் தொடர்வது அரிது. வெட்டிய தாளின் விளிம்பைத் தொடரலாம். ஓர் உருவம் முடியும் இடமும் மற்றொன்று அதன்மேல் ஏறும் இடமும் கைக்குத் தெரியும். காட்சி இன்பம் என்பதே இல்லாத நிலையிலும் தெரிவும் வைப்பும் எஞ்சி நின்றன. அவ்விரண்டிலிருந்தே அவருடைய கைத்திறம் மீண்டும் அடையாளம் பெற்றது. கவர்ச்சியின் வழியாகவே தன்னையறிதல் நிகழும் என்றால், இவ்வாக்கங்களுக்கு விளக்கமே இல்லாமற் போகும்.

யாருடைய இருப்பு?

அகப்பாடலுக்கும் இன்றைய பட்டறைக்கும் இடையே உள்ள மிகப் பெரிய இடைவெளி மூலப்பொருளில் உள்ளது. கருப்பொருள் நிலத்திற்கு உரியது. பளபளப்பான இதழின் படம் விளம்பரதாரருக்கு உரியது. நகை, வீட்டுமனை, முகப்பூச்சு ஆகியவற்றை விற்பதற்காக அடுக்கப்பட்ட முகங்களிலிருந்து ஒரு மாணவி தன்னைத் தேடினால், அவள் கண்டடைவது பெரும்பாலும் தனக்கு விற்கப்பட்ட ஆசையாகவே இருக்கும். மாநிறத்தவளான அவள் அவ்விதழ்களில் தன் நிறத்தையே காண்பது அரிது.

இச்சிக்கலைச் செருமானியக் கலைஞர் ஹன்னா ஹேக் (1889–1978) உள்ளிருந்தே அறிந்தவர். பெர்லினின் உல்ஸ்டைன் பதிப்பகத்தில் பெண்களுக்கான தையல், பின்னல் வடிவங்களை வரைந்து ஊதியம் பெற்றவர். தாம் பணிபுரிந்த நிறுவனத்தின் இதழ்களையும் அவர் கத்தரித்துப் பயன்படுத்தினார். சமையலறைக் கத்தியைத் தலைப்பிற்கொண்ட அவருடைய புகழ்பெற்ற ஒட்டோவியத்தின் (1919–20) வலக்கீழ் மூலையில், பெண்கள் வாக்குரிமை பெற்ற ஐரோப்பிய நாடுகளைக் காட்டும் சிறு வரைபடம் உண்டு. அதன் ஓரத்தில் தம் முகத்தை மிகச் சிறியதாக ஒட்டினார். அமைச்சர்களும் இயந்திரங்களும் நிறைந்த பெரும்பரப்பில் தமக்கு அவர் தேர்ந்த இடம் அது. நடுவில் பெரிய முகமாக அமர்ந்திருந்தால் அது தற்படமாகியிருக்கும். தம் நிலையைப் பற்றிய அறிவாகியிராது.

திருவான்மியூரின் கருப்பொருள்

திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே செல்ல, ஈஞ்சம்பாக்கத்தில் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் நிறுவிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் உள்ளது. 1963 முதல் அவர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் சாதகக் கட்டங்களும் படிக்க இயலாத எழுத்து வரிகளும் நிறைந்துள்ளன. அவை தீட்டப்பட்டவை, ஒட்டப்பட்டவை அல்ல. ஆனால், இவ்வட்டாரத்து வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் தாள்களே ஒருவரின் தன்மையைப் பேசத் தக்கவை என்பதை அவை காட்டுகின்றன. தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திற்கு அடிப்படையான திரட்டைச் சேர்த்த கோட்டையூர் ரோஜா முத்தையாவும் நூல்களோடு நாடக விளம்பரத் தாள்களையும் அழைப்பிதழ்களையும் எறியாமல் காத்தவர். குப்பைக்குப் போக வேண்டிய தாளுக்கு அவர் தந்த மதிப்பு பட்டறைகளுக்கு வராதது வியப்பே.

திருவான்மியூர் நெய்தல் நிலம். கடலோரத்தில் மீனவர் குப்பம். உள்ளே சம்பந்தரும் அப்பரும் பாடிய மருந்தீசுவரர் கோயில். மேற்கே 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட டைடல் பூங்கா. குப்பத்தில் பிறந்து கணினி நிறுவனத்தில் பணிபுரியும் ஒரு பெண் இதழ்களை ஒதுக்கிவிட்டுத் தன் நிலத்தின் பொருள்களைக் கொண்டு ஒட்டுவதாக எண்ணிப் பார்க்கலாம். திருநீறு மடித்த தாள், பேருந்துப் பயணச்சீட்டு, அடையாள அட்டையின் நாடா, அறுந்த நைலான் வலையின் துண்டு ஆகியன அவள் முன் உள்ளன. தெரிவு எளிதில் முடிந்துவிடும், வைப்பில்தான் தடுமாற்றம். நாடா வலையின் மேல் வருமா, கீழ் வருமா? மேல் வைத்தால் தந்தையின் தொழில் மறைகிறது. கீழ் வைத்தால் வலைக்கண்களின் வழியே நிறுவனத்தின் பெயர் துண்டு துண்டாகத் தெரிகிறது. அருகருகே வைக்கலாமெனில் அட்டையில் இடம் போதவில்லை. வலையைக் கத்தரித்துச் சிறிதாக்க வேண்டும். கத்தரிக்கோலை எடுத்த கை அவ்விடத்தில் தயங்குமாயின், ஆலோசகர் கேட்க வேண்டிய முதற்கேள்வி அத்தயக்கத்தைப் பற்றியது. ஒட்டி முடித்த படத்தைப் பற்றியதன்று.