மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியும் வெளிநாட்டுப் பயணமும்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி என்பது ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய கண்டங்களின் வெப்பமண்டல நாடுகளுக்குச் செல்வோர் பயணத்துக்கு முன் போட்டுக்கொள்ள வேண்டிய தடுப்பூசியாகும். நைஜீரியா, கானா, கென்யா, உகாண்டா, பிரேசில் முதலியவை இந்நோய் உள்ள நாடுகளுள் சில. மஞ்சள் காமாலையும் மஞ்சள் காய்ச்சலும் ஒன்றல்ல. காமாலை என்பது பல நோய்களில் தோன்றும் ஓர் அறிகுறி. மஞ்சள் காய்ச்சலோ கொசுவால் பரவும் தனியொரு வைரசு நோய்.

நோயும் கொசுவும்

இந்நோயைக் கொசு பரப்பலாம் என 1881-இல் கியூபா மருத்துவர் கார்லோஸ் பின்லே கூறினார். 1900-இல் வால்டர் ரீட் தலைமையிலான குழு அதனை மெய்ப்பித்தது. மாக்ஸ் தெய்லர் 1937-இல் 17டி என்னும் தடுப்பூசியை உருவாக்கி, அதற்காக 1951-இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு இங்கு ஏராளம். செஞ்சி, பனமலை போன்ற ஊர்களில் தண்ணீர்த் தொட்டியிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் வளர்ந்து டெங்குவைப் பரப்புவதும் இதே கொசுதான். வைரசுடன் ஒருவர் வந்து சேர்ந்தால் நோய் இங்கும் பரவக்கூடும். இந்திய அரசு கடுமையான விதி வைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

சான்றிதழ் விதிகள்

தடுப்பூசி போட்ட 10 நாட்களுக்குப் பின்பே சான்றிதழ் செல்லுபடியாகும். 2016 சூலை 11 முதல் அது வாழ்நாள் முழுதும் செல்லும். நோயுள்ள நாட்டிலிருந்து சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்புவோர் 6 நாட்கள் வரை தனிமையில் வைக்கப்படலாம். நோயின் அறிகுறி தோன்ற 3 முதல் 6 நாட்கள் ஆகும் என்பதே இந்தக் கணக்கின் அடிப்படை.

எங்கே போடுவது?

அரசு ஏற்ற மையங்களில் மட்டுமே இத்தடுப்பூசி போடப்படும். சென்னை கிண்டியில் 1899-இல் தொடங்கப்பட்ட கிங் நோய்த்தடுப்பு மருத்துவ நிலையம் அவற்றுள் ஒன்று. ஒரு குப்பி மருந்து பலருக்கு உரியது. கலந்த பின் 6 மணி நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும். ஆகவே முன்பதிவு விவரமும் போடும் நாளும் கேட்டறிந்த பின் புறப்படுவது நல்லது. செஞ்சியிலிருந்து சென்னை ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவு என்பதால் வீண் அலைச்சல் தவிரும். கடவுச்சீட்டை மறவாமல் கொண்டு செல்ல வேண்டும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

இது உயிருள்ள, வீரியம் குறைத்த வைரசால் ஆனது. 9 மாதம் நிரம்பாத குழந்தைகள், கருவுற்ற பெண்கள், முட்டை ஒவ்வாமை உள்ளோர், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர், 60 வயதைக் கடந்தோர் ஆகியோர் மருத்துவரிடம் தம் நிலையை முன்னதாகவே சொல்ல வேண்டும்.

பிற முன்னெச்சரிக்கைகள்

* டைபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ தடுப்பூசிகள் தேவையா என மருத்துவரிடம் கேட்க வேண்டும்.
* ஹஜ் பயணிகளுக்கு மூளை உறை அழற்சித் தடுப்பூசி கட்டாயம்.
* ஆப்பிரிக்காவில் உயிரைப் பறிக்கும் மலேரியா வகை பரவலாக உள்ளது. மருத்துவர் தரும் தடுப்பு மாத்திரைகளை ஊர் திரும்பிய பின்னும் சொன்ன நாள் வரை விடாமல் உட்கொள்ள வேண்டும்.
* கொசுவலை, முழுக்கைச் சட்டை, கொதிக்க வைத்து ஆறிய நீர் ஆகியவை எங்கும் துணை.

திரும்பி வந்தபின் காய்ச்சல் கண்டால், எந்த நாட்டுக்குச் சென்றோம் என்பதை மருத்துவரிடம் முதலில் கூற வேண்டும். அதைச் சொல்லாவிடில் மலேரியாவைச் சாதாரணக் காய்ச்சல் என எண்ணிச் சிகிச்சை தாமதமாகலாம். அத்தாமதம் உயிருக்கே ஆபத்தாகலாம். பயணத்துக்கு 4 முதல் 6 வாரங்களுக்கு முன்பே மருத்துவரை அணுகினால் இவை அனைத்துக்கும் போதிய காலம் கிடைக்கும்.